நிழலுக்கும் கணக்கு உண்டு

2017 அக்டோபர் 24. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான உலகத் தொடர் தொடங்கியது. முதல் பந்து வீசப்பட்டபோது மாலை ஐந்து மணி தாண்டிவிட்டது. அப்போதும் வெப்பநிலை 103 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 39 டிகிரி செல்சியஸுக்கு மேல். உலகத் தொடர் வரலாற்றில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமான ஆட்டம் அதுதான். வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை நிழலில் அளந்தது. வெயிலில் உட்கார்ந்திருப்பவர் உடம்பு தாங்கும் சூடு வேறு கணக்கு.

ஒரே அரங்கில், ஒரே ஆட்டத்தை, ஒருவர் நிம்மதியாகப் பார்க்கிறார். நூறு மீட்டர் தள்ளி இருப்பவர் வெந்துபோகிறார். இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடத் தேவையில்லை. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இருக்கையில் நிழல் விழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்கு முக்கியமாக இரண்டு விவரங்கள் வேண்டும்: மைதானம் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, சூரியன் எங்கே நிற்கிறது.

முதல் விவரத்துக்கு விதிப்புத்தகமே வழி சொல்கிறது. மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து, பந்து வீசுபவரின் மேட்டைக் கடந்து, இரண்டாம் பேஸ் வரை ஒரு கோடு இழுத்தால் அது கிழக்கு-வடகிழக்கு நோக்கிப் போவது விரும்பத்தக்கது என்கிறது அமெரிக்க பேஸ்பாலின் அதிகாரபூர்வ விதி. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை எதிர்கொள்பவரின் கண்ணில் மாலைச் சூரியன் அடிக்கக் கூடாது அல்லவா? கிரிக்கெட்டில் பிட்ச்சை வடக்கு தெற்காகப் போடுவதும் இதற்காகத்தான். 2019 ஜனவரியில் நியூசிலாந்தின் நேப்பியரில், கிழக்கு மேற்காக அமைந்த பிட்ச்சில் இந்தியா ஆடிய ஒருநாள் ஆட்டம் மாலை வெயில் கண்ணைக் கூசவைத்ததால் அரை மணி நேரம் நின்றுபோனது.

பேஸ்பால் விதி மட்டையாளரை நினைத்து எழுதப்பட்டது. ரசிகருக்கும் அதில் ஒரு பலன் கிடைத்துவிட்டது. மட்டையாளர் வடகிழக்கைப் பார்த்து நின்றால் அவருக்கு இடப்புறம் மூன்றாம் பேஸ், வலப்புறம் முதல் பேஸ். பிற்பகல் சூரியன் ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலும் மூன்றாம் பேஸ் கேலரிக்குப் பின்னாலும் இறங்கும். ஆகவே அந்தக் கேலரிகளில்தான் நிழல் முதலில் வரும். முதல் பேஸ் பக்கமும், வலப்புறக் கோடியில் உள்ள இருக்கைகளும் சூரியனை நேருக்கு நேர் பார்த்திருக்கும். மதியம் சென்னையிலிருந்து திருச்சிக்குப் பேருந்து ஏறுகிறவர், யாரும் சொல்லித்தராமலே இடப்பக்க ஜன்னலைத் தேடுவாரே, அதே அறிவுதான் இங்கும் வேண்டும்.

டாட்ஜர் ஸ்டேடியம் ஏறக்குறைய வட-வடகிழக்கைப் பார்த்தது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவது நேர்மேற்கில் அல்ல. அதற்கு 28 டிகிரிக்கும் மேல் வடக்கே தள்ளி. அந்த இடம் கிட்டத்தட்ட மூன்றாம் பேஸ் கேலரியின் முதுகுப்புறம். எனவே கோடை மாலையில் அந்தக் கேலரி முழுக்க நிழலில் அமிழ்ந்திருக்கும்போது, எதிரே முதல் பேஸ் பக்கம் இருப்பவர்கள் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிறார்கள்.

பக்கம் சரியாக அமைந்தாலும் வரிசையைக் கவனிக்க வேண்டும். உங்கள் தலைக்குப் பத்து மீட்டர் உயரத்தில் மேல்தளத்தின் விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூன் உச்சிவெயில் 79 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது அந்த விளிம்பின் நிழல் இரண்டு மீட்டர்கூட எட்டாது. மாலை 4 மணிக்குச் சூரியன் நேர்மேற்கில் 48 டிகிரிக்கு இறங்க, நிழல் 9 மீட்டர் நீளும். 6 மணிக்கு 23 மீட்டர். ஆகவே பகல் ஆட்டத்தில் விலை உயர்ந்த முன்வரிசைகள்தான் அதிகம் காய்கின்றன. மேல்தளத்துக்கு அடியில் ஒதுங்கிய பின்வரிசைகள் எல்லா நேரமும் நிழலில் இருக்கும்.

கடிகாரமும் ஏமாற்றும். கோடையில் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுகின்றன. அதனால் டெக்சாஸின் ஆர்லிங்டனில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றரை மணி வாக்கில்தான். ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், நாளின் மிகக் கொடிய மூன்று மணி நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஏழு மணி ஆட்டம் என்று நம்பிப் போனாலும் ஜூலையில் அங்கே எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். 2023இல் பந்து வீசுவதற்கு நேரக் கெடு விதித்ததால் சராசரி ஆட்டம் சுமார் 24 நிமிடம் சுருங்கியது. ஆட்டத்தின் விறுவிறுப்புக்காகக் கொண்டுவந்த மாற்றம் ரசிகர்களின் உடலுக்கும் நல்லதைச் செய்திருக்கிறது.

நிழல் நமக்கு என்ன செய்கிறது? காற்றைப் பெரிதாகக் குளிர்விப்பதில்லை. வெயிலிலும் நிழலிலும் காற்றின் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றே. நிழல் தடுப்பது கதிர்வீச்சை. தெளிந்த வானத்தில் உச்சிவெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. சூரியன் தலைக்கு மேல் இருந்தால் அது தலையிலும் தோளிலும்தான் அதிகம் விழும். இறங்குவெயில் முகம், மார்பு, தொடை என்று உட்கார்ந்திருப்பவரின் முன்பக்கம் முழுவதையும் தாக்கும். வெயிலைப் பார்த்த இருக்கையில் மாலை நான்கு மணி ஏன் அவ்வளவு கொடுமை என்பதற்கு இதுவே விடை.

எல்லா நிழலும் ஒன்றல்ல. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏரியன் மிடல் தலைமையிலான ஆய்வாளர்கள் உணர்கருவிகள் பொருத்திய ஒரு தள்ளுவண்டியை வளாகம் முழுக்க நகர்த்தி, மனித உடல் எல்லாத் திசைகளிலிருந்தும் வாங்கும் கதிர்வீச்சை அளந்தார்கள். பிற்பகலில் கட்டடத்தின் நிழலே அதிகம் காத்தது. அடுத்து மரம். துணிப் பந்தல் போன்ற மெல்லிய அமைப்புகள் கடைசி. மெல்லிய கூரை தானே சூடேறிக் கீழே வெப்பத்தை உமிழும். பக்கவாட்டில் தெறித்து வரும் வெயிலையும் அது தடுக்காது. அரங்கில் கனத்த கான்கிரீட் மேல்தளத்தின் அடிப்பகுதியே சிறந்த இடம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு குறை உண்டு: மிகப் பின்னால் ஒதுங்கினால் காற்றோட்டம் குறையும். ஹூஸ்டன் போன்ற புழுக்கமான ஊரில் வியர்வை உலராவிட்டால் நிழல் இருந்தும் பாதிப் பயன்தான்.

அந்த ஹூஸ்டன்தான் வெயிலோடு முதலில் மல்லுக்கு நின்றது. 1965இல் திறந்த ஆஸ்ட்ரோடோம், முழுக் கூரை போட்ட முதல் பேஸ்பால் அரங்கம். புல் வளரட்டும் என்று கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள் வைத்தார்கள். அந்தக் கூச்சத்தில் உயரே போன பந்து ஆட்டக்காரர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள்; புல் செத்தது. அடுத்த ஆண்டு செயற்கைப் புல் வந்தது.

ஆர்லிங்டன் கதை இன்னும் வருத்தம் தருவது. 1994இல் அழகான, திறந்த அரங்கம் ஒன்றைக் கட்டினார்கள். டெக்சாஸ் கோடை எப்படிப்பட்டது என்று அறியாதவர்கள் அல்ல. இருந்தும் கூரை வைக்கவில்லை. 22 ஆண்டுகளிலேயே, 2016 நவம்பரில், புதிய அரங்கத்துக்கு 50 கோடி டாலர் வரை நகரம் பணம் தர வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். முக்கியக் காரணம் வெயில். திறந்து மூடும் கூரையும் குளிர்சாதனமும் கொண்ட புதிய அரங்கம் 2020இல் திறந்தது. முதல் வரைபடத்திலேயே நிழலைப் போட்டிருந்தால் மக்களின் வரிப்பணம் மிஞ்சியிருக்கும். வெப்பம் ஏறிக்கொண்டே போகும் இக்காலத்தில், எந்த இருக்கைக்கு எத்தனை மணிக்கு நிழல் வரும் என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுவது ஒவ்வொரு அரங்கத்தின் கடமை. கணக்கு கையில் இருக்கும்போது அதை மறைத்து விற்பது நியாயமில்லை.

பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் அமெரிக்கா போகும் பெற்றோர் நம்மில் பலர். ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். டிக்கெட் வாங்கும் முன் வரைபடத்தில் மைதானத்தின் திசையை மட்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள். வடகிழக்கைப் பார்த்திருந்தால் மூன்றாம் பேஸ் பக்கம், மேல்தளத்துக்கு அடியில் உள்ள வரிசை. டெட்ராய்ட்டைப் போலத் தென்கிழக்கைப் பார்த்த அரங்கமானால் பக்கம் மாறும். நிழலிலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தலை சுற்றினாலோ, குமட்டினாலோ ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் உடனே எழுந்து முதலுதவி அறைக்குப் போய்விடுங்கள்.