காணாமற்போன பன்னிரண்டு பில்கள்

உயர்தரம், வர்த்தகப் பிரிவு

கடந்த நோன்புப் பெருநாள் முடிந்து எட்டாம் நாள் வாப்பா கடையில் இருப்பெடுத்தார். எங்களுடையது கல்முனையில் ஒரு புடவைக் கடை. கொம்பியூட்டர் காட்டிய கணக்குக்கும் தட்டுகளில் இருந்த துணிக்கும் இடையில் 31 உருப்படிகள் வித்தியாசம். எல்லாம் சாரன், ஷோல், தொப்பி, சிறுவர் சட்டை. இவை இரண்டாம் கவுண்டருக்குப் பக்கத்துத் தட்டுகளில் இருப்பவை. அந்தக் கவுண்டரில் இருந்தவர் எங்களிடம் மூன்று வருடமாக வேலை செய்யும் ஓர் இளைஞர்.

வாப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"மகள், நீ எழுதின புரோகிராம் கணக்கப் பிழையாக் காட்டுமா?"

"இல்ல வாப்பா. கொம்பியூட்டர் பிழை விடாது" என்றேன்.

அடுத்த நாள் அந்த இளைஞர் கல்லாவில் இல்லை. பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கள்வன் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நான் வாப்பாவுக்குச் சொன்ன பதில் பிழை. அது எப்படிப் பிழையானது என்பதை விளக்குவதற்குத்தான் இந்தக் கட்டுரை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுக்கும் தோழியருக்கு இதிற் பாதி தெரிந்திருக்கும். பெற்றோருக்கும் விளங்கவேண்டும் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பாடத்திட்டத்தில் பைத்தன் மொழியும் தொடர்புநிலைத் தரவுத்தளமும் இருக்கின்றன. தகவல்களை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக வைக்கும் இந்த முறையை 1970ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கொட் என்பவர் முன்வைத்தார். நான் படித்ததை வைத்து வாப்பாவின் கடைக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒரு சிறிய பில் முறைமை செய்திருந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் இருப்பு அட்டவணையில் ஒரு நிரை. ஒரு சாரன் விற்றால் அந்த நிரையில் ஒன்று குறையும்.

ஒரே கவுண்டர் என்றால் இதில் சிக்கலே இல்லை. இரண்டு கவுண்டர்கள் ஒரே நிரையைத் தொடும்போதுதான் தொல்லை. 10 சாரன் இருக்கிறது என்று முதற் கவுண்டர் வாசிக்கிறது. அதே நொடியில் இரண்டாவதும் 10 என்றே வாசிக்கிறது. இரண்டும் ஒன்றைக் கழித்து 9 என்று எழுதுகின்றன. போனது இரண்டு, குறைந்தது ஒன்று. இதைத் தடுக்கத்தான் தரவுத்தளம் நிரைக்குப் பூட்டுப் போடுகிறது. ஒருவர் ஒரு நிரையை மாற்றிக்கொண்டிருக்கும்போது மற்றவர் அதை மாற்ற முடியாது; முதலாமவர் முடிக்கும்வரை நிற்கவேண்டும். பூட்டு எப்போது திறக்கும்? அந்த ட்ரான்செக்ஷன் முடியும்போது. ட்ரான்செக்ஷன் என்பது சேர்ந்தே நடக்கவேண்டிய வேலைகளின் ஒரு கட்டு. ஒரு பில்லில் ஐந்து பொருட்கள் என்றால் ஐந்தும் பதியவேண்டும், அல்லது ஒன்றுமே பதியக்கூடாது. பாதியில் நிற்கக்கூடாது.

பூட்டு ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டு இன்னொன்றைக் கொண்டுவருகிறது. முதற் கவுண்டரில் காக்கா இருக்கிறார். அவரிடம் பெரிய பில்: சாரி, அபாயா, பிறகு சாரன். இப்போது சாரன் நிரை அவர் பூட்டில். இரண்டாம் கவுண்டரில் சின்னப் பில்: முதலில் ஷோல். ஷோல் நிரை அந்த இளைஞரின் பூட்டில். அடுத்ததாகக் காக்கா ஒரு ஷோலை அடிக்கிறார். அது பூட்டியிருக்கிறது, திரை அசையாமல் நிற்கிறது. மறுபக்கம் இளைஞர் ஒரு சாரனை அடிக்கிறார். அதுவும் பூட்டியிருக்கிறது. இவர் முடித்தால்தான் அவருக்கு வழி, அவர் முடித்தால்தான் இவருக்கு வழி. இதுதான் டெட்லொக். சிலர் இதைத் தமிழில் முட்டுக்கட்டை என்கிறார்கள். எனக்கு அது அரைவாசிதான் பொருந்துகிறது. முட்டுக்கட்டையை ஒருவர் வேண்டுமென்று போடுவார். இங்கே இருவருமே நல்லபடியாகத் தத்தம் வேலையைத்தான் செய்கிறார்கள்.

பெருநாளைக்கு முந்திய இரவு எங்கள் வீட்டிலும் இது நடந்தது. ராத்தாவிடம் தையல் இயந்திரம், என்னிடம் கத்தரிக்கோல். அவவுக்குக் கத்தரிக்கோல் வேண்டும், எனக்கு இயந்திரம் வேண்டும். இரண்டு பேரும் விடவில்லை. உம்மா வந்து என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பறித்து ராத்தாவிடம் கொடுத்து, "நீ இப்பதானே தொடங்கினாய், பிறகு தை" என்றா. பிரச்சினை அரை நிமிடத்தில் தீர்ந்தது. எனக்குக் கோபம் வந்தது வேறு கதை.

தரவுத்தளமும் உம்மா செய்ததையேதான் செய்கிறது. மைஎஸ்கியூஎல்லுக்குள் இருக்கும் இன்னோடீபி என்ற பகுதி, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதை ஒரு வரைபடம்போல வைத்துப் பார்க்கிறது. அது வட்டமாகச் சுற்றி வந்தால் டெட்லொக் என்று உடனே கண்டுகொள்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் வழமையாக ஒரு வினாடி காத்திருந்த பிறகே இதைச் சோதிக்கும். கண்டுகொண்டதும் ஒருவரைப் பலியாகத் தெரிவுசெய்ய வேண்டும். இன்னோடீபி பொதுவாகச் சிறிய ட்ரான்செக்ஷனையே தெரிவுசெய்யும். எத்தனை நிரைகள் மாற்றப்பட்டன என்பதுதான் அளவுகோல். குறைவாக வேலை செய்தவரைத் திருப்பி அனுப்பினால் வீணாவது குறைவு என்பது அதன் கணக்கு. பலியானவர் செய்த எல்லாம் அழிக்கப்பட்டு, பூட்டுகள் திறக்கப்பட்டு, 1213 என்ற பிழை எண் அவருக்கு அனுப்பப்படும். அந்தச் செய்தியின் பொருள் இவ்வளவுதான்: டெட்லொக் ஏற்பட்டது, ட்ரான்செக்ஷனை மீண்டும் தொடங்கிப் பார்.

அதாவது தரவுத்தளம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறது. கேட்கவேண்டியது செய்நிரல்.

என் செய்நிரல் கேட்கவில்லை. பரீட்சார்த்தமாக ஓட்டியபோது ஏதோ ஒரு பிழைச்செய்தி வந்து திரை நின்றுபோனது. எரிச்சலில், பிழை வந்தால் ஒன்றும் செய்யாமல் அடுத்த வரிக்குப் போ என்று எழுதிவைத்தேன். இரண்டே வரி. பிறகு அதை மறந்தும்விட்டேன்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். பில் தொடங்கும்போதே ட்ரான்செக்ஷனைத் திறந்து, ஒவ்வொரு பொருளை அடிக்கும்போதும் இருப்பைக் குறைத்து, காசு வாங்கிய பிறகுதான் முடிக்கும்படி வைத்திருந்தேன். வாடிக்கையாளர் "இதே நிறத்தில பெரிசு இருக்கா?" என்று கேட்டு உள்ளே போய் வரும்வரை பூட்டுகள் திறக்காது. சாதாரண நாளில் ஆட்கள் குறைவு, எதுவும் தெரியவில்லை. பெருநாளைக்கு முந்திய மூன்று இரவுகளும் இரண்டு கவுண்டரிலும் வரிசை. "கொம்பியூட்டர் இறுகுது" என்று காக்கா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சனம் கூட, அதனால் மெதுவாகிறது என்று நினைத்தேன்.

இவை எல்லாம் எனக்கு உடனே விளங்கவில்லை. அந்த இளைஞர் பின்பக்கம் துணி மடித்த நாலாவது நாள், பில் அட்டவணையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பில் இலக்கங்கள் வரிசையாக ஓடி, இடையிடையே ஒன்று இல்லாமல் இருந்தது. மூன்று இரவுகளில் 14 இலக்கங்கள் இல்லை. இலக்கத்தைத் தரவுத்தளமே கொடுக்கிறது. ஒரு ட்ரான்செக்ஷன் அழிக்கப்பட்டாலும் அது வாங்கிய இலக்கம் திரும்பி வராது, இடைவெளியாக நின்றுவிடும். எங்கள் ஐசீடி டீச்சரிடம் காட்டினேன். அவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "அச்சடித்த பிரதி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கடைப் பிரதியைக் கம்பியில் குத்திவைப்பது வாப்பாவின் பழைய பழக்கம். கொம்பியூட்டர் வந்த பிறகு இது எதற்கு என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று பின்னேரம் உம்மாவும் நானும் அந்தக் கம்பியிலிருந்த துண்டுகளை நிலத்தில் பரப்பித் தேடினோம். இல்லாத 14 இலக்கங்களில் 12க்குப் பிரதி கிடைத்தது. மற்ற இரண்டும் வாடிக்கையாளர் வேண்டாம் என்று விட்டுப்போனதால் இரத்தான பில்களாக இருக்கவேண்டும். அந்த 12 துண்டுகளிலும் மொத்தம் 47 உருப்படிகள். அவற்றுள் 18 மட்டும் தரவுத்தளத்தில் தலையில்லாத வரிகளாகக் கிடந்தன. மீதி 29 எங்குமே இல்லை.

தலையில்லாத வரிகள் எப்படி வந்தன? பிழை 1213 வந்தபோது பில்லின் தலைப்பும் அதுவரை அடித்த பொருட்களும் அழிந்தன. என் செய்நிரல் அது தெரியாமல் அடுத்த பொருளுக்குப் போனது. அந்தப் பொருள் ஒரு புதிய ட்ரான்செக்ஷனாகத் தொடங்கிப் பதிந்தது. திரையில் முழுப் பில்லும் இருந்ததால் அச்சும் முழுதாக வந்தது, காசும் முழுதாக வாங்கப்பட்டது. தரவுத்தளம் முழுவதையும் அழித்துத் தன் கடமையைச் செய்தது. பாதியாக்கியது நான்.

காசு கூடியிருக்குமே, அதை ஏன் யாரும் காணவில்லை என்று கேட்பீர்கள். பெருநாள் இரவுகளில் கல்லாவிலிருந்தே மொத்த வியாபாரிக்கும் தையற்காரருக்கும் காசு போனது. அதைப் பில்லோடு யாரும் ஒப்பிடவில்லை.

அந்த 12 பில்களில் 11 இரண்டாம் கவுண்டருடையவை. இதைக் கண்டபோதுதான் எனக்குக் கை குளிர்ந்தது. காக்காவிடம் பெரிய பில்கள், இளைஞரிடம் சின்னப் பில்கள். சிறியதைப் பலியெடு என்பது விதி. ஆகவே பெரும்பாலும் அழிந்தது அவருடைய பில்தான், குறைந்தது அவருடைய தட்டுத்தான். வாப்பாவும் முதலாளியின் மகன் இருந்த கவுண்டரைச் சந்தேகிக்கவில்லை.

வீட்டில் இரண்டு சாளரங்களைத் திறந்து இதை நானே செய்து பார்த்தேன். தோழியரும் செய்து பார்க்கலாம். முதலாவதில் ட்ரான்செக்ஷனைத் தொடங்கி இரண்டு மூன்று பொருட்களைக் குறைத்து, கடைசியில் சாரனைக் குறையுங்கள். இரண்டாவதில் இன்னொன்றைத் தொடங்கி ஷோலைக் குறையுங்கள். பிறகு முதலாவதில் ஷோல், அது நிற்கும். இரண்டாவதில் சாரன். அந்தக் கணமே இரண்டாவதில் 1213 வரும், முதலாவது விடுபடும். இன்னோடீபியின் நிலை அறிக்கையைக் கேட்டால் கடைசியாக நடந்த டெட்லொக்கையும், யார் எந்தப் பூட்டை வைத்திருந்தார், எதற்காகக் காத்திருந்தார், யாரைப் பின்வாங்கச் செய்தது என்பதையும் காட்டும். கடையில் தினமும் இரவு கொம்பியூட்டரை அணைத்ததால் அந்த அறிக்கை எனக்கு உதவவில்லை. எல்லா டெட்லொக்கையும் பதிவுக் கோப்பில் எழுதும்படி இப்போது மாற்றி வைத்திருக்கிறேன்.

திருத்துவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இருக்கவில்லை. இந்தச் சிக்கல் எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தது. 1965இல் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா இதை ஒரு பரீட்சைக் கேள்வியாகத் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். பின்னர் அது வட்ட மேசையில் ஐந்து தத்துவஞானிகள், ஐந்து முள்ளுக்கரண்டிகள் என்ற கதையாகப் பிரபலமானது. ஒவ்வொருவருக்கும் உண்ண இரண்டு கரண்டிகள் வேண்டும். எல்லோரும் இடப்பக்கக் கரண்டியை எடுத்துவிட்டு வலப்பக்கத்துக்குக் காத்திருந்தால் எல்லோரும் பட்டினி. ஒரு தீர்வு: கரண்டிகளுக்கு இலக்கமிடு, எவராயினும் சிறிய இலக்கத்தை முதலில் எடுக்கட்டும். எல்லோரும் ஒரே ஒழுங்கில் எடுத்தால் காத்திருப்பு வரும், ஆனால் அது வட்டமாகாது. நானும் பில்லில் உள்ள பொருட்களைக் குறியீட்டு இலக்கப்படி ஒழுங்குபடுத்தி, அந்த ஒழுங்கிலேயே இருப்பைக் குறைக்கச் செய்தேன். வாடிக்கையாளர் எந்த ஒழுங்கில் கொண்டுவந்தாலும் பரவாயில்லை.

அதோடு, பொருட்களை அடிக்கும்போது தரவுத்தளத்தைத் தொடுவதே இல்லை. காசு வாங்கியதும் திறந்து, எழுதி, மூடிவிடுவேன். பூட்டு ஒரு கண்சிமிட்டும் நேரம்தான் இருக்கும். இவை இரண்டும் டெட்லொக்கை மிகவும் குறைக்கும். இனி வரவே வராது என்று சொல்லமாட்டேன். அப்படி ஒருமுறை சொல்லிப் பட்டது போதும். ஆகவே 1213 வந்தால் சற்றுப் பொறுத்து, முழுப் பில்லையும் தொடக்கத்திலிருந்து திரும்பச் செய்யும். மூன்று முறையும் சரிவராவிட்டால் திரையில் சொல்லும், பில்லை அச்சடிக்காது. அச்சடிப்பது கடைசி வேலை. தரவுத்தளம் முடிந்தது என்று சொன்ன பிறகுதான்.

வாப்பாவிடம் 12 துண்டுகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். 31இல் 29 கிடைத்துவிட்டது. மற்ற இரண்டையும் கழிவு என்று எழுதினார். என்னை ஏசவில்லை. அன்று மஃரிபுக்குப் பிறகு அந்த இளைஞரின் வீட்டுக்குப் போனார். நானும் போனேன், ஆனால் வாகனத்திலேயே இருந்துவிட்டேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை வாப்பா சொல்லவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திய இரவு அவர் இரண்டாம் கவுண்டரில் இருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிபோல் திரையில் 'மீண்டும் முயல்கிறது' என்று வந்து உடனே மறைந்தது.

"இது என்ன தங்கச்சி?" என்று கேட்டார்.

விளக்கினேன்.

"அப்ப முந்தியும் இது வந்திருந்தா நான் பில்லைத் திருப்பி அடிச்சிருப்பேனே."

"முந்தியும் வந்தது நானா. நான்தான் காட்டாம விட்டுட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் அடுத்த ஆள் இரண்டு சாரனையும் ஒரு ஷோலையும் மேசையில் வைத்தார்.