பல்பண்பாட்டு மாணவர் மையம்

பல்பண்பாட்டு மாணவர் மையம் என்பது, வேறு மொழி, வேறு நாடு, வேறு சமூகப் பின்னணியிலிருந்து வந்து சேரும் மாணவர்கள் பல்கலைக்கழக வாழ்வில் ஒன்றிப்போக உதவும் அமைப்பாகும். இதற்கென நிறுவனமே இடமும் ஆளும் ஒதுக்கி நடத்தும். மாணவரின் பெயர் பதிவேட்டில் ஏறியதும் சேர்க்கை அலுவலகத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அதே மாணவர் "இது நம்ம இடம்" என்று எண்ணத் தொடங்கும் வரையிலான காலமே இம்மையத்தின் பொறுப்பு. இந்தியாவில் இப்பெயரில் மையங்கள் அரிது. ஆனால் அதன் பணி பல பெயர்களில், பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் போன்ற கல்லூரி நகரங்களில் இதைத் தெளிவாகக் காணலாம்.

தோற்றம்

அமெரிக்காவில் 1960களின் குடியுரிமைப் போராட்டங்களை அடுத்து, வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்கள் கூடுதலாகச் சேர்ந்தனர். படிக்க இடம் கிடைத்தது. வகுப்பிலும் விடுதியிலும் துணை கிடைக்கவில்லை. அம்மாணவர்கள் போராடிப் பெற்றவையே முதல் பண்பாட்டு மையங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க அமெரிக்கப் பண்பாட்டு மையமும், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பின்னர் பால் ராப்சன் பெயரைத் தாங்கிய மையமும் 1969இல் தோன்றியவை. பல இனத்தாருக்கும் பொதுவான மையங்கள் அதன் பிறகு பெருகின.

இவை மாணவர்களை இனவாரியாகப் பிரித்து வைக்கின்றன என்ற குற்றச்சாட்டு தொடக்கம் முதலே உண்டு. அது முழுவதும் பொய்யன்று. ஆனால் மையம் இல்லாத இடங்களிலும் புதியவர்கள் ஒரே மொழிக்காரர்களாக ஒரு மூலையில் கூடுகிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏன் தேவைப்படுகிறது

மாணவர்கள் பாதியில் படிப்பை விடுவது பற்றி வின்சென்ட் டின்டோ 1975இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. மதிப்பெண் குறைவு மட்டுமே காரணமன்று, கல்லூரியின் சமூக வாழ்வில் மாணவர் ஒட்டாமல் போவதும் காரணம் என்று அவர் காட்டினார். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. முதலாண்டு மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயிற்சி ஒன்று தரப்பட்டது. 'நான் இங்கே பொருந்துவேனா' என்ற கலக்கம் எல்லோருக்கும் வந்ததென்றும் நாளடைவில் தணிந்ததென்றும் மூத்த மாணவர்கள் கூறியதை அவர்கள் படித்தனர். பின் தம் அனுபவத்தை எழுதினர். பயிற்சி பெற்ற கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி, அடுத்த மூன்றாண்டுகளில் பாதியாகக் குறைந்தது. தனக்கு மட்டுமே வந்த குறை என்று மாணவர் எண்ணுவதே பாதிச் சுமை என்பது இதிலிருந்து தெரிகிறது.

வரவேற்பே பூசலாகும் போது

புதியவர்களை வரவேற்கும் விழாவை யாருடைய முறைப்படி நடத்துவது என்ற கேள்வி சிறியதாகத் தோன்றும். இலங்கையின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அது சிறியதாக இருக்கவில்லை. போர் முடிந்த பின் அங்கே சிங்கள மாணவர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. 2016 ஜூலை 16 அன்று விஞ்ஞான பீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில், வழக்கமான மேள நாதசுர ஊர்வலத்துடன் கண்டிய நடனத்தையும் சேர்ப்பது பற்றி எழுந்த தகராறு கைகலப்பாக முடிந்தது. மாணவர்கள் காயமடைந்தனர், பல்கலைக்கழகமே தற்காலிகமாக மூடப்பட்டது. போரின் வடு உள்ள மண்ணில் இரு தரப்பின் உணர்வுக்கும் வரலாறு உண்டு. இத்தகைய பேச்சு விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே, பொறுப்பான ஒருவர் முன்னிலையில் நடந்திருக்க வேண்டியது. அப்படிப் பேசுவதற்கான நிலையான மேடையாக இருப்பதும் பல்பண்பாட்டு மையத்தின் வேலை.

இந்தியாவில்

நம் நாட்டில் புதிய மாணவர் பற்றிய அக்கறை அச்சத்திலிருந்தே பிறந்தது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் நாடு முழுமைக்கும் வந்தன. புதியவர்களை இயன்றவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்க அவை சொல்கின்றன. ஆறு புதியவர்களுக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டி, அத்தகைய ஆறு வழிகாட்டிகளுக்கு ஒரு மேல்நிலை வழிகாட்டி என்ற ஏற்பாட்டையும் அதே விதிமுறைகள் வகுக்கின்றன. முதலாவதைப் பெரும்பாலும் எல்லோரும் அறிவார்கள். இரண்டாவதைச் சொன்னால் பலர் புருவம் உயர்த்துவார்கள். தடுப்புச் சுவர் எழுப்புவது எளிது, பழக வைப்பது கடினம்.

பொறியியல் கல்லூரிகளில் மூன்று வார அறிமுகப் பயிற்சியும், மானியக் குழுவின் 2019ஆம் ஆண்டு 'தீக்ஷாரம்ப்' வழிகாட்டலும் பின்னர் வந்தன. மாநிலங்களை இணையாக்கும் 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டம் 2015 அக்டோபர் 31 அன்று அறிவிக்கப்பட்டது. அதில் தமிழ்நாட்டுக்கு இணை ஜம்மு காஷ்மீர். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் நிறுவனங்களில் அவர்களுக்கெனத் தனி அலுவலகம் வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை.

குமாரபாளையத்தில்

கொமாரபாளையம் என்றும் எழுதப்படும் இவ்வூர் காவிரியின் கிழக்குக் கரையில், பவானிக்கு எதிரே உள்ளது. விசைத்தறி ஊரான இங்கு பொறியியல், மருந்தியல், பல் மருத்துவம், செவிலியம், கலை அறிவியல் என்று பல கல்லூரிகள் சேலம்–கோவை நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்துள்ளன. சங்ககிரி, திருச்செங்கோடு, எடப்பாடி, அந்தியூர் பக்கமிருந்து கல்லூரிப் பேருந்தில் வருவோர் ஒரு வகை. தென்மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து விடுதியில் தங்குவோர் இன்னொரு வகை.

அந்நியம் மொழியால் மட்டும் வருவதில்லை. திருநெல்வேலி மாணவருக்கு 'ஏனுங்க', 'சொல்லுங்' என்னும் கொங்குப் பேச்சே முதல் வாரத்தில் புதிது. தறி ஓட்டும் வீட்டிலிருந்து தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு, ஊர் தெரியும், வகுப்பறை தெரியாது. ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தில் சந்தேகம் கேட்க வாய் திறப்பதற்கே அவளுக்கு ஓர் பருவம் ஆகிவிடலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டபின், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுவோர் மேலும் வருகிறார்கள். இவர்களையும் 'வெளியிலிருந்து வந்தவர்' கணக்கில் சேர்க்காத மையம் பாதி வேலையே செய்கிறது.

தனி மையம் இல்லாத கல்லூரியிலும் செய்யத்தக்கவை உண்டு. அறிமுகப் பயிற்சியில் சுற்றுப்புற ஊரைக் காணச் செல்வது ஓர் அங்கம். தறிக்கூடம் ஒன்றுக்குச் சென்றால், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அன்று மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்பவராகிறார். பாவு எது, ஊடை எது என்று கேரள மாணவர் அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். ஓணம் பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ, முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் காலத்தை ஒட்டி வருகிறது. பூக்களமிட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், மலையாள மாணவர்களை விடுதிச் சமையற்கட்டில் அன்று ஒரு கூட்டுக்கறியாவது சமைக்க விட்டால் பழக்கம் வேர் பிடிக்கும். பேருந்து, கடை, மருத்துவமனை ஆகிய மூன்றிடத்திலும் தேவைப்படும் தமிழை மாலை வேளைகளில் மூத்த மாணவர்களே கற்றுத்தரலாம்.

பெரும் தடை பணமன்று, ஆள். வழிகாட்டிப் பொறுப்பு முழுப் பாடவேளையுடன் ஆசிரியர் தலையில் கூடுதலாக ஏற்றப்படுகிறது. நாக் மதிப்பீட்டில் வழிகாட்டி–மாணவர் விகிதம் கேட்கப்பட்டு வந்ததால், பல இடங்களில் அது கையொப்பக் கோப்பாகச் சுருங்கிவிட்டது. வாரம் இரண்டு பாடவேளையாவது குறைத்துக் கொடுத்து, ஓர் அறையைத் திறந்து வைத்து, தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பாத முதலாண்டு மாணவர் யார் யார் என்று முதல் நாளே பார்த்து, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கும் கல்லூரி, பெயர்ப்பலகை இல்லாமலே இம்மையத்தை நடத்துகிறது.