கோல்ஃப்: 100 பந்து அடிச்சும் ஸ்விங் ஏன் மாறல?

வாரம் தவறாமல் டிரைவிங் ரேஞ்சுக்குப் போய் 100 பந்து அடித்தாலும், பந்து மட்டும் வலது பக்கமே வளைந்து ஓடும். வலது கையால் ஆடும் புதியவர்கள் பலருக்கும் இருக்கும் இந்தத் தலைவலியின் பெயர் 'ஸ்லைஸ்'.

ஏன் வளைகிறது?

மட்டை வரும் பாதையைவிட அதன் முகம் வலது பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்புறம் வளையும். 'சரி, இடது பக்கம் இழுத்து அடிப்போம்'னு தோன்றும். அங்கேதான் சிக்கல். இடது பக்கம் இழுக்க இழுக்க, பாதைக்கும் முகத்துக்குமான கோணம் கூடும்; வளைவும் கூடும். தப்பையே 100 முறை செய்தால், அதுவே பழக்கமாகிவிடும்.

கோச் எதற்கு?

மேலே போன மட்டை இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் நொடிதான். அதற்குள் கை என்ன செய்தது என்பது ஆடுபவருக்கே தெரியாது. அதைக் கவனிக்க வெளியே ஒரு கண் வேண்டும். பிடியோ, நிற்கும் விதமோ, ஒரு வகுப்பில் ஒரு திருத்தம் போதும். அடுத்த வகுப்பு வரை அதையே மெதுவாக, அரை ஸ்விங்கில் பழக வேண்டும்.

ஸ்கோர் குறையலையே?

டைகர் உட்ஸ் 1997 மாஸ்டர்ஸை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்த பிறகும், கோச் புட்ச் ஹார்மனுடன் சேர்ந்து ஸ்விங்கை மாற்றினார். 1998-ல் பிஜிஏ டூரில் கிடைத்தது ஒரே வெற்றி. 1999-ல் 8, 2000-ல் 9.

பலர் பாதியில் விடுவது அந்த 1998 போன்ற கட்டத்தில்தான். கட்டிய ஃபீஸும் வீண். அதனால் ஆரம்பத்தில் ஸ்கோரைப் பார்க்காதீங்க. வளைவு குறையுதான்னு பாருங்க.