டிகாக்ஷன் இறங்க மறுக்கிறதா?

பெங்களூரில் காவிரிக் குழாய் எட்டாத வீடுகளில் காப்பிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அதில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். கொதித்த நீரிலிருந்து அது படிந்து, பில்டரின் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. காப்பித்தூளின் எண்ணெய்ப் பசையும் சிக்கரியின் பிசுபிசுப்பும் சேர்ந்தால் கேட்கவேண்டாம். டிகாக்ஷன் இறங்காது, சிக்கு வாடையும் வரும். இல்லத்தரசிகள் தூளைக் குறை சொல்லிக் கடையை மாற்றுவார்கள். குற்றமோ துளையில்!

மண்டியை அன்றன்றே தட்டி, மேல் பாத்திரத்தை வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வைக்கவேண்டும். எவர்சில்வர் பில்டரானால் வாரம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். பிறகு பழைய பல் பிரஷால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும். ஊசியால் குத்தவேண்டாம், துளை பெரிதானால் மண்டியும் கீழே இறங்கிவிடும்.

அடைப்பை எரிக்க எவர்சில்வரைத் தணலில் காட்டுவதுண்டு. ஈயம் பூசிய பித்தளைக்கு அது ஆகாது. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். புளி போட்டுத் துலக்குவதும் வெளிப்புறத்தோடு நிற்கட்டும்.

உள்ளே பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் அதில் காப்பி போடக்கூடாது. பித்தளையிலுள்ள செம்பு கரைந்து கலக்கும். மறுபடி பூசும்போது சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்வது அவசியம். காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். பாட்டி கொடுத்த பில்டர் என்று அப்படியே புழங்குவது பாசமாகாது.