வீடு விற்கலைன்னா எல்லா பில்டரும் திவாலா? கடன் எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க!

பொருளாதார மந்தநிலை வந்தால் வீடு விற்பனை குறையும். அடி எல்லா கட்டுமான நிறுவனங்களுக்கும்தான். ஆனா சில நிறுவனங்கள் சமாளிச்சிடும். சில, பாதிக் கட்டடத்தோட நின்னுடும். ஏன் இந்த வித்தியாசம்?

4 வழிகளில் பணம்

சொந்த முதல், வீடு புக் செய்தவர்களின் முன்பணம், வங்கிக் கடன், வங்கி அல்லாத நிதி நிறுவனக் கடன். சொந்த முதலுக்கு தவணை கிடையாது. முன்பணம், புக்கிங் நின்றால் நின்றுவிடும். கடன் அப்படியில்லை. வீடு விற்காவிட்டாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

2018-ல் என்ன நடந்தது?

மரக்காணம் வழியாகச் செல்லும் கிழக்கு கடற்கரைச் சாலையை மேம்படுத்தியது தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். இதை 1998-ல் டிட்கோவுடன் சேர்ந்து தொடங்கியது ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம். அதே குழுமம் 2018-ல் கடன் தவணை கட்ட முடியாமல் தவறியது. மொத்தக் கடன் சுமார் ரூ.91,000 கோடி.

சாலைத் திட்டத்தில் போட்ட பணம் திரும்பி வர பல ஆண்டுகள் ஆகும். ஆனால் கடனில் ஒரு பகுதியை சில மாதங்களிலேயே திருப்பிக் கட்ட வேண்டும். சிக்கல் இங்கதான்.

பில்டர்களுக்கு ஏன் பாதிப்பு?

வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் பலவும் இதேபோல குறுகிய காலக் கடன் வாங்கி, பில்டர்களுக்கு நீண்ட காலக் கடன் கொடுத்திருந்தன. பயம் பரவியதும் அவற்றுக்குப் பணம் வருவது குறைந்தது. அவற்றையே நம்பியிருந்த பில்டர்களின் திட்டங்கள் பாதியில் நின்றன. புக் செய்தவர்களுக்கு ஒரு பக்கம் வாடகை, மறுபக்கம் இ.எம்.ஐ. முடங்கிய வீட்டுத் திட்டங்களுக்காக 2019 நவம்பரில் ரூ.25,000 கோடி சிறப்பு நிதியை மத்திய அரசு அறிவித்தது.

புக் செய்யும் முன் என்ன பார்க்கணும்?

* 2016 ரெரா சட்டப்படி, வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70% தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். நிலம், கட்டுமானச் செலவுக்கு மட்டுமே அதை எடுக்கலாம். திட்டம் ரெராவில் பதிவாகியுள்ளதா என்று முதலில் பாருங்கள்.
* வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். நிலத்தின் மீது பதிவான அடமானம் அதில் தெரியும்.
* அடமானம் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கித் தரச் சொல்லுங்கள்.

எத்தனை வீடு வித்திருக்குன்னு மட்டும் கேட்காதீங்க. கட்டுற பணம் யாரோடது, எப்போ திருப்பிக் கொடுக்கணும்னும் கேளுங்க.