முற்பணம் கொடுக்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள்

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் நம்மவர்களுக்கு நினைவு வருவது ஒன்று நகை, மற்றது காணி. வங்கியில் போட்டால் வட்டி என்ற தயக்கம். வியாபாரம் செய்ய எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு நேரமில்லை. "காணி எங்கும் ஓடாது சேர்" என்று எனக்கும் சொன்னார்கள். நம்பினேன்.

சில வருடங்களுக்கு முன் வட்டவளையில் வீதிக்குச் சற்று மேலே பத்து பேர்ச் துண்டொன்றுக்கு இரண்டு லட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்தேன். கிடைத்தது கையொப்பமிட்ட ஒரு கடதாசி. பிறகு நொத்தாரிசிடம் காட்டியபோதுதான் அது தோட்டக் குத்தகைக் காணி என்று தெரிந்தது. மகளின் படிப்புக்காகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் அது. இன்னும் திரும்பவில்லை. முதன்முதலாகக் காணியில் பணம் போட நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக, நான் பிந்திக் கற்றதை எழுதுகிறேன்.

மலையகத்தில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, காணி யாருடையது என்பதை. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. அவர்களிடம் இருப்பது குத்தகை மட்டுமே. எனவே தோட்டத்தில் குடியிருப்பவரோ உத்தியோகத்தரோ அந்தக் காணியை உங்களுக்கு விற்க முடியாது.

அடுத்தது அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டதைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. விலை மலிவாக இருந்தால் இதையும் விசாரியுங்கள்.

மூன்றாவது, நமது குடும்பங்களில் அதிகம் நடப்பது. வாப்பா மௌத்தானபின் காணி பிரிக்கப்படாமலே கிடக்கும். மூத்த நானா முழுவதையும் விற்கப் பேசுவார். ஆனால் அவரால் விற்கக்கூடியது அவருடைய பங்கை மட்டுமே. உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் உரிய பங்கு அப்படியே இருக்கும். வாரிசுகள் அனைவரும் கையொப்பமிடாத உறுதியை வாங்கினால், வழக்கையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். ஒரு சகோதரியின் உரிமையை விழுங்கிய காணியில் பரக்கத்தை எதிர்பார்க்கவும் முடியாது.

உரிமை தெளிவானால் கடதாசி வேலை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் நடக்க வேண்டும். உறுதியின் பிரதியை மட்டும் நம்பாமல் காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது வருட உரிமைத் தொடர், ஈடு, வழக்கு எல்லாம் அங்கேதான் தெரியவரும். வாங்கியவுடன் பதிவு செய்வதும் அவசியம். ஒரே காணி இருவருக்கு விற்கப்பட்டால் முதலில் பதிந்தவருக்கே பொதுவாக முன்னுரிமை. அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையையும் அளந்து பாருங்கள். 160 பேர்ச் ஓர் ஏக்கர். சொன்ன பத்து பேர்ச் அளந்தால் எட்டாகலாம்.

செலவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம், அளவைக் கட்டணம்.

கடைசியாக மண். வட்டவளை நாட்டில் அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. வீடு கட்டும் எண்ணமிருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை போய், தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று நீங்களே பாருங்கள்.

"இன்றைக்கே முற்பணம் தராவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார்" என்று அவசரப்படுத்துவார்கள். என்னையும் அப்படித்தான் அவசரப்படுத்தினார்கள். வாங்கட்டும் என்று விடுங்கள். நொத்தாரிசு ஏட்டைப் பார்த்து முடிக்க ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரத்தை நான் பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திராது.