திருச்சியில 2 நாள், 5 பேர்: நுழைவு டிக்கெட் 430 ரூபாய், மொத்த செலவு 26,610!

சிங்கப்பூர் ட்ரிப் பட்ஜெட் வீடியோ போட்டதுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "மேடம், அவ்வளவு தூரம்லாம் வேண்டாம். அப்பா, அம்மா, குழந்தையைக் கூட்டிட்டு ரெண்டு நாள் போயிட்டு வர்ற மாதிரி ஒரு ஊர் சொல்லுங்க. கணக்கோட சொல்லுங்க."

எனக்குத் தெரிஞ்ச ஊரையே சொல்றேன். திருச்சி. நான் வளர்ந்தது கைலாசபுரத்துல, அதாவது திருவெறும்பூர் பக்கத்துல இருக்கிற பெல் டவுன்ஷிப். சொந்த ஊர்க்காரி சொன்னா அதுல கொஞ்சம் பெருமை கலந்துதான் இருக்கும், கழிச்சுக்குங்க. ஆனா ஒரு விஷயம். அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு சென்னைக்கு வந்துட்டோம். இப்ப திருச்சிக்குப் போனா எங்களுக்கும் ஓட்டல் ரூம்தான். அதனால உங்களை மாதிரியே வெளியூர்க்காரியா போய் எழுதின கணக்கு இது.

ரெண்டு தடவை போனோம். 2023-ல ஒரு தடவை, இந்த ஜனவரியில ஒரு தடவை. முதல் தடவை நான் பண்ணின தப்பை முதல்ல சொல்லிடறேன்.

2023: மிச்சம் பிடிச்ச ட்ரிப்

அப்ப எக்செல்ல போட்ட பிளான்ல எனக்கே ஒரு கர்வம் இருந்தது. ரெண்டு நாளும் ஆட்டோ, டவுன் பஸ். கார் வாடகை மிச்சம். ஒரே ஒரு ரூம், எக்ஸ்ட்ரா பெட். வெள்ளிக்கிழமை காலையில போய் இறங்கினோம். நேரா மியூசியம். பூட்டியிருந்தது. தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைன்னு நான் பார்க்கவே இல்ல.

அங்கிருந்து வெயில்ல சின்னக்கடைத் தெரு வழியா நடந்து மலைக்கோட்டை வாசலுக்கு வந்தோம். 400 படிக்கு மேல இருக்கு. அப்பாவுக்கு அப்ப 70 வயசு, முட்டி வலி. கீழ மாணிக்க விநாயகர் சன்னிதிகிட்டயே உட்கார்ந்துட்டார். "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் பார்க்காத மலையா"ன்னார். நாங்க மேல ஏறி, செல்ஃபி எடுத்து இறங்க ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம், "ரயிலுக்கு நேரம் இருந்தா நம்ம குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு தடவை போயிட்டு வரலாமா"ன்னு கேட்டார். அங்கிருந்து கைலாசபுரம் போக வர ஆட்டோவுக்கு 800 கேட்டாங்க. பிளான்ல இல்ல, பார்க்கிறதுக்கு அங்க என்ன இருக்குன்னு சொல்லிட்டேன். அவரும் திரும்பக் கேட்கல.

அந்த ட்ரிப்ல ஒரு 6,000 ரூபாய் மிச்சம் ஆச்சு. வீட்டுக்கு வந்து கணக்கை மூடும்போதுதான் ஒரு மாதிரி இருந்தது. யாருக்காக ட்ரிப் போட்டோமோ அவர் ரெண்டு நாளும் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்திருக்கார்.

காசு எங்க போகுது?

திருச்சியில பார்க்கிற இடங்களுக்குக் காசே இல்லன்னு சொல்லலாம். கோயில்கள் இலவசம், கல்லணை இலவசம். மியூசியம், ரயில் அருங்காட்சியகம், வண்ணத்துப்பூச்சி பூங்கா எல்லாம் மிகச் சின்னத் தொகை. ஜனவரியில அஞ்சு பேருக்கு ரெண்டு நாள் டிக்கெட், கேமரா, செருப்பு வைக்கிற இடம் வரைக்கும் சேர்த்து 430 ரூபாய். மொத்தச் செலவுல நூத்துக்கு ரெண்டு ரூபாய்கூட இல்ல. (கம்பரசம்பேட்டையில 2025-ல திறந்த பறவைகள் பூங்காவுக்கு நாங்க போகல. திருச்சி ரேட்டுக்கு அது கொஞ்சம் காஸ்ட்லி. குழந்தைக்கு ஆசைன்னா தனியா எடுத்து வைங்க.)

மீதி எங்க போச்சுன்னா: ரயில் 6,500. ரெண்டு ரூம் ஒரு ராத்திரிக்கு 5,880. மறுநாள் அதே ரூம்களை சாயங்காலம் வரைக்கும் வச்சுக்க 2,000. கார் ரெண்டு நாளுக்கு டிரைவர் பேட்டாவோட 6,600. சாப்பாடு 5,200. டிக்கெட் 430. கூட்டினா 26,610.

இதுல ரெண்டு லைன் 2023-ல என் கண்ணுக்கு வீண் செலவாத் தெரிஞ்சது: கார், அந்த 2,000. இப்ப கேட்டா, குறைக்கணும்னா வேற எதையாவது குறைங்க, இந்த ரெண்டையும் தொடாதீங்கன்னுதான் சொல்வேன். திருச்சி வெயில்ல மத்தியானம் 12-லிருந்து 3.30 வரைக்கும் பெரியவங்களும் குழந்தையும் ஏசி ரூம்ல படுத்தாதான் சாயங்காலம் நடக்க முடியும். கோயில்களும் அந்த நேரத்துல பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும்.

ஓட்டல் பில்லுல ஒண்ணு பார்த்துக்குங்க. ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் உள்ள ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்னாடி 12. எங்களுக்கு 2,800 ரூம் 2,940 ஆச்சு. பழைய ரேட்டுல பில் போட்டா கேளுங்க.

ரயில்ல ஒரு ஏமாற்றம்: மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்ல நிறுத்தினது, இன்னும் வரல. ஆனா 60 வயசுக்கு மேல ஆண்களுக்கும் 45-க்கு மேல பெண்களுக்கும் லோயர் பெர்த் கோட்டா இருக்கு. அஞ்சு பேரையும் ஒரே டிக்கெட்ல போடாம அப்பா அம்மாவுக்குத் தனியா அந்தக் கோட்டாவுல போடுங்க. ராக்போர்ட் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில இறக்கி விட்டுடும், ஓட்டல் செக்-இன் 12 மணிக்கு இருக்கும். ஜங்ஷன்ல ரிட்டையரிங் ரூம் இருக்கு, டிக்கெட்டோட பிஎன்ஆர் வச்சு ஐஆர்சிடிசியில முன்பதிவு பண்ணலாம். பஸ்ல வர்றவங்க, 2025 ஜூலையிலிருந்து வெளியூர் பஸ் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போகுதுன்னு ஞாபகம் வச்சுக்குங்க. அது ஊருக்கு வெளிய. ஓட்டலுக்குப் போற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

நாங்க போன வழி

கிழமைதான் முதல் விஷயம். மியூசியத்துக்கு வெள்ளியும் இரண்டாவது சனியும் லீவு. ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள். வண்ணத்துப்பூச்சி பூங்காவுக்குச் செவ்வாய். நாங்க வியாழன், வெள்ளி எடுத்தோம். வார இறுதியைத் தவிர்த்ததால ரூம் வாடகையும் குறைஞ்சது. மார்கழியில வைகுண்ட ஏகாதசி சமயம் மட்டும் போகாதீங்க, அதாவது டூருக்கு. சாமி கும்பிடத்தான் போறீங்கன்னா அது வேற.

வியாழன் காலை ஸ்ரீரங்கம். 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம். இதை அவசரமா பார்க்க முடியாது. 236 அடி ராஜகோபுரம் முடிஞ்சது 1987-லதான்னு சொன்னா என் பொண்ணு நம்பவே இல்ல, அவளுக்குக் கோபுரம்னாலே ஆயிரம் வருஷம். சேஷராயர் மண்டபத்துத் தூண்கள்ல பாயுற குதிரைகள்கிட்ட அவ அரை மணி நேரம் நின்னா. தரிசன வரிசையில நிக்க முடியாத பெரியவங்களுக்கு அந்த மண்டபமே போதும். சக்கர நாற்காலியும் கேட்டா கிடைக்குது, கூச்சப்படாம கேளுங்க. எங்கப்பா வேண்டாம்னார், பத்து நிமிஷம் கழிச்சு உட்கார்ந்துட்டார்.

டிபன் திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ்ல. நெய் ரோஸ்ட். வேற எதுவும் ஆர்டர் பண்ண யோசிக்காதீங்க. அங்கிருந்து மேலூர் வண்ணத்துப்பூச்சி பூங்கா. 2015-ல வனத்துறை திறந்தது. பத்து மணிக்குள்ள போனாத்தான் பூச்சி நிறைய பறக்கும், வெயில் ஏறினா இலைக்கடியில ஒதுங்கிடும். மத்தியானம் தூக்கம்.

நாலு மணிக்கு மியூசியம். ராணி மங்கம்மாள் மகால்னு சொல்ற நாயக்கர் கால தர்பார் மண்டபத்துல இருக்கு. உள்ள இருக்கிற செப்புத் திருமேனிகளை விட எனக்கு அந்த மண்டபத்தோட மேற்கூரைதான் பிடிக்கும். அண்ணாந்து பாருங்க. பக்கத்துலயே மலைக்கோட்டை. இந்தத் தடவை ரெண்டு ஷிஃப்ட்: நானும் பொண்ணும் ஏறினோம், என் வீட்டுக்காரர் அப்பா அம்மாவைக் கார்ல கூட்டிட்டுப் போய் மெயின்கார்டு கேட் மைக்கேல் ஐஸ்க்ரீம் கடையில உட்கார வச்சார். நாங்க இறங்கி வர்றதுக்குள்ள அப்பா ரெண்டு கப் முடிச்சிருந்தார். சுகர் இருக்கு. நான் கேட்கல.

வெள்ளிக்கிழமை கிழக்குப் பக்கம். காலையில ரயில் அருங்காட்சியகம், குழந்தைகளுக்குக் குட்டி ரயில் ஓடுது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செஞ்சு கொடுத்தது நம்ம பொன்மலை ஒர்க்‌ஷாப்னு அங்க வச்சு சொன்னா குழந்தைகளுக்குப் பதியும். சாயங்காலம் திருவெறும்பூர் வழியா கல்லணை. முக்கொம்புக்குப் போகணும்னா அது மேற்குப் பக்கம், முதல் நாளோட சேர்த்துக்குங்க. கல்லணையையும் முக்கொம்பையும் ஒரே நாள்ல போடற பிளானைப் பார்த்தா, போட்டவர் மேப்பைப் பார்க்கலன்னு அர்த்தம்.

எல்டிஏ கிடைக்குமா?

இது கேட்காம விட மாட்டீங்க. முதல்ல, நீங்க புது வரி முறையில இருந்தா எல்டிஏ விலக்கு கிடையாது. சம்பளத்துல அந்தப் பேர்ல வர்ற தொகை முழுசும் வரிக்குட்பட்டதுதான். 2025-26-ல 12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் மட்டும் வாங்கறவங்களுக்குப் புது முறையில வரியே இல்ல, அதனால கவலையும் இல்ல.

பழைய முறையில இருந்தா, நாலு காலண்டர் வருஷ பிளாக்ல ரெண்டு பயணத்துக்கு விலக்கு. 2022–25 பிளாக்ல ஒண்ணு பாக்கி வச்சிருந்தா 2026 டிசம்பருக்குள்ள போன பயணத்துக்கு எடுத்துக்கலாம். ஆனா விலக்கு ரயில், விமானம் மாதிரி போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும்தான். ரூம், சாப்பாடு, ஊருக்குள்ள சுத்தற கார் எதுவும் வராது. லீவு போட்டுப் போயிருக்கணும். சனி ஞாயிறு போயிட்டு வந்துட்டு பில் கொடுத்தா எச்ஆர் லீவு ரெக்கார்டைக் கேட்பாங்க.

அடுத்தது நிறைய பேர் தப்பு பண்ற இடம். குடும்பம்னா மனைவி அல்லது கணவர், குழந்தைகள், அப்புறம் உங்களைச் சார்ந்திருக்கிற உங்க அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க. மாமனார் மாமியார் அந்த லிஸ்ட்ல இல்ல. நான் சொந்தமா ப்ராக்டிஸ் பண்றேன், எனக்கு எல்டிஏ இல்ல. என் வீட்டுக்காரர் கிளெய்ம் பண்ணினார். எங்க மூணு பேர் டிக்கெட் 3,900, முப்பது சதவீத ஸ்லாப்ல மிச்சமானது 1,217 ரூபாய். எங்க அப்பா அம்மா டிக்கெட் 2,600-ஐ அவர் சேர்க்க முடியாது. உங்க அப்பா உங்ககூடவே இருந்தாலும், அவருக்குப் போதுமான வட்டி, பென்ஷன் வருமானம் இருந்தா சார்ந்திருக்கார்னு எழுதறதுக்கு முன்னாடி யோசிங்க. போலி பில் மேட்டர் வேற லெவல்: வருமானத்தைத் தவறாகக் காட்டினதா வந்தா அந்த வரியில 200 சதவீதம் அபராதம். ஆயிரத்து சொச்சத்துக்கு அது தேவையா?

பிளான்ல இல்லாத இடம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ரூமைக் காலி பண்ணிட்டு மூணரைக்குக் கிளம்பினோம். திருவெறும்பூர் எறும்பீஸ்வரர் கோயில் சின்னக் குன்றுதான், இருந்தாலும் அப்பா கீழயே நின்னார். அப்புறம் டிரைவர்கிட்ட கைலாசபுரம் போங்கன்னு நான்தான் சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லல, ஜன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

டவுன்ஷிப் உள்ள ரோடு அப்படியே இருக்கு, மரம்தான் இன்னும் பெருசாயிருக்கு. எங்க குவார்ட்டர்ஸ் வாசல்ல வேற யாரோட துணியோ காயுது. என் பொண்ணு, "இதுவா உங்க வீடு? இவ்வளவு சின்னதா"ன்னா. அப்பா கார்லிருந்து இறங்கி காம்பவுண்ட் ஓரமா நடந்தார், தடி இல்லாம. பின்பக்கம் அவர் வச்ச முருங்கை இல்ல. சுவத்துல பைப்புக்காக அவர் போட்ட ஓட்டை மட்டும் சிமெண்ட் அடைச்சு இருந்தது, அதைப் பொண்ணுக்குக் காட்டினார்.

டீக்கடையில அவர்கூட ஷிஃப்ட் பார்த்தவர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். ரெண்டு பேரும் பாய்லர் ட்ரம் பத்தி ஆரம்பிச்சாங்க. அஞ்சரை ஆச்சு, ஆறாச்சு. கல்லணை அவ்வளவுதான்னு தெரிஞ்சுபோச்சு. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் இன்னொரு டீ சொல்லச் சொன்னேன்.

டீ, வடை எல்லாம் சேர்த்து 140 ரூபாய். அந்த நண்பர் கொடுத்துட்டார், அதனால மேல சொன்ன 26,610-ல அது இல்ல. ரயில்ல ஏறினதும் அப்பா மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு கேட்டார். 15,000-னு சொன்னேன். அதுக்கே, "இவ்வளவா"ன்னார்.